மலையில் வாங்கிய செடி சேலத்தில் ஏன் அழுகுகிறது?

கேள்வி: ஐயா, சேலம் அஸ்தம்பட்டியில் மாடி வீட்டில் இருக்கிறோம். மே மாதம் ஏற்காடு போனபோது நர்சரியில் பெகோனியா, ஆந்தூரியம், பெரணி, டைஃபன்பேக்கியா என்று ஆறு தொட்டி வாங்கி வந்தேன். தினமும் காலையில் ஒரு சொம்பு போர் தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன். இரண்டு மாதத்தில் மூன்று செடி போய்விட்டது. மீதியில் இலை மஞ்சளாகித் தொங்குகிறது, நுனி கருகுகிறது. தண்ணீர் பற்றவில்லையா, உரம் வைக்கட்டுமா? ஒன்றரை வயதுப் பேத்தி கையில் கிடைப்பதை எல்லாம் வாயில் வைக்கிறாள், அந்தப் பயம் வேறு.

பதில்: அம்மா, உரத்தை இப்போது தொடவே வேண்டாம். அந்தத் தவறாத ஒரு சொம்புதான் செடிகளைக் கொன்றிருக்கிறது.

ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். பனியிலும் மேகத்திலும் வளர்ந்த செடி, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஒரே நாளில் சேலத்துக் கோடைக்கு வந்துவிட்டது. வாடத்தான் செய்யும். வாடியதைப் பார்த்து நாம் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆனால் வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண் ஓயாமல் நனைந்திருந்தால் காற்று போக இடமில்லாமல் வேர் மூச்சடைத்து அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை மறுபடியும் தொங்கும். தாகத்தில் வாடுவதும் அழுகலில் வாடுவதும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால் இன்னொரு சொம்பு ஊற்றிவிடுகிறோம். ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

நர்சரித் தொட்டியில் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவுதான் இருக்கும். மேலே காய்ந்து வெளுத்துத் தெரியும், உள்ளே பிழிந்தால் சொட்டும். அதனால் கண்ணை நம்பாதீர்கள். ஒரு ஈர்க்குச்சியை அடிவரை செருகி ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். குச்சியில் ஈரம் ஒட்டியிருந்தால் அன்று தண்ணீர் கிடையாது. தொட்டியைத் தூக்கிப் பார்க்கும் பழக்கமும் நல்லது, பத்து நாளில் கைக்கே கனம் பிடிபட்டுவிடும். ஊற்றும் நாளில் கஞ்சத்தனம் வேண்டாம், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். அரைமணி கழித்துத் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு இப்படித் தேங்கும் தெளிந்த தண்ணீர்தான் பிடித்த இடம், ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். பாட்டிலில் மணி பிளாண்ட் வைத்திருந்தால் அதற்கும் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.

நுனி கருகுவது வேறு கதை. நல்ல தண்ணியைக் குடிக்க வைத்துக்கொண்டு உப்புத் தண்ணியைச் செடிக்கு ஊற்றுவது நம் ஊர் வழக்கம். தென்னைக்கு அது சரி, தொட்டிக்குச் சரிவராது. தண்ணீர் ஆவியாகும், உப்பு மண்ணிலேயே தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் சாட்சி. குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரைப் பிடித்து ஒரு இரவு திறந்து வைத்து ஊற்றுங்கள். மழை பெய்தால் மாடியில் இரண்டு வாளி வையுங்கள், அதற்கு மிஞ்சியது இல்லை. ஆர்.ஓ. மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீர் போரை விட மோசம். அரிசி கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுங்கள், வீட்டுக்குள் ஊற்றினால் பூஞ்சையும் சின்ன ஈயும்தான் மிச்சம்.

அப்புறம் பேத்தி விஷயம். கருணைக்கிழங்கு நாக்கை ஏன் அரிக்கிறது? அதில் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. டைஃபன்பேக்கியா, ஆந்தூரியம், மணி பிளாண்ட் மூன்றும் அந்தக் குடும்பத்துச் செடிகள்தான். கருணையைப் புளி ஊற்றி வேகவைத்துச் சாப்பிடுகிறோம், குழந்தை பச்சை இலையை அப்படியே கடிக்கும். டைஃபன்பேக்கியாவை வீட்டிலிருந்தே வெளியேற்றுங்கள், மற்றதை எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள். தப்பித் தவறிக் கடித்துவிட்டால் வாயைத் துடைத்து, தண்ணீரால் கழுவி, கொஞ்சம் குளிர்ந்த பால் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாவுப்பூச்சி வந்தால் வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கொண்டுவந்து ஹாலில் தெளிக்கும் வேலையும் வேண்டாம், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும். செடியை இன்வெர்ட்டர் மேலும் சுவிட்ச் போர்டுக்கு மேலும் வைக்காதீர்கள்.

மீதமிருக்கும் செடிகளைத் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். கறுத்துக் கொழகொழவென்று இருக்கும் வேரைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, வெள்ளை வேர் இருந்தால் புதிதாக நடுங்கள். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் சம அளவு, அடியில் துளையுள்ள சின்னத் தொட்டி. பெரிய தொட்டியில் ஈரம் நெடுநாள் நிற்கும். ஒருமுறை நனைத்துவிட்டு வெயில் நேராகப் படாத ஜன்னலோரம் வைத்து, குச்சி காயும்வரை காத்திருங்கள். பெரணியும் ஆந்தூரியமும் தேறலாம். பெகோனியாவின் தண்டே அழுகியிருந்தால் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் ஸ்பைடர் பிளாண்ட் வையுங்கள், குழந்தை கடித்தாலும் விஷமில்லை. ஒன்று மட்டும், அதற்கும் உப்புத் தண்ணி ஆகாது.