கூலன்ட் மாற்றிய பின் ஏறி இறங்கும் வெப்பமானி

கேள்வி: எங்கள் படகின் டீசல் இன்ஜினில் அண்மையில் தெர்மோஸ்டாட்டை (கூலன்ட் சூடானதும் திறந்து வழிவிடும் வால்வை) மாற்றி, பழைய கூலன்ட்டை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினோம். அதன் பிறகு வெப்பமானியின் முள் திடீரென 95 டிகிரிக்கு ஏறி, சற்று நேரத்தில் 70-க்கு இறங்குகிறது. புகைபோக்கி வழியே கடல்நீர் வழக்கம்போல் வெளியேறுகிறது. ஆனால், இன்ஜின் சூட்டில் இயங்கும் வெந்நீர்க் கலனில் நீர் சுடவே இல்லை. வாட்டர் பம்பை மாற்ற வேண்டுமா?

பதில்: பம்பை இப்போதைக்குத் தொட வேண்டாம். கடல்நீர் சீராக வெளியேறுவதால், கூலன்ட்டைக் குளிர்விக்கும் அந்தக் கடல்நீர்ச் சுற்றில் குறையிருப்பதாகத் தெரியவில்லை. கூலன்ட் ஓடும் மூடிய சுற்றில்தான் காற்று சிக்கியிருக்கிறது என்பதற்கு, அந்தக் கூலன்ட்டால் சூடாக வேண்டிய வெந்நீர்க் கலன் குளிர்ந்து கிடப்பதே நல்ல அடையாளம். வடித்த கூலன்ட்டின் அளவு நினைவிருந்தால் ஊற்றிய அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 10 லிட்டர் வடித்த இடத்தில் 8 லிட்டர்தான் பிடித்தது என்றால், மீதி 2 லிட்டர் இடத்தில் இருப்பது காற்றே.

காற்று எப்போதும் சுற்றின் மிக உயரமான இடத்தில் போய்த் தங்கும். கூலன்ட் ஊற்றும் வாயே மிக உயரத்தில் இருந்தால் பெரும்பாலும் அது தானாக வெளியேறிவிடும். ஆனால் வெந்நீர்க் கலனோ அதற்குச் செல்லும் ஹோஸோ அந்த வாயைவிட மேலே வளைந்து சென்றால், அந்த வளைவில் காற்று அடைத்துக்கொள்ளும், சுழற்சிப் பம்பால் அதைத் தள்ளவும் முடியாது. முள் அலைவதற்கும் இதே காற்றுதான் காரணம். வெப்ப உணரி கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும்; காற்றுக்குமிழி அதைச் சூழ்ந்திருக்கையில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். ஆகவே 95-ஐவிட 70-ஐக் கண்டே நான் அதிகம் அஞ்சுவேன்.

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். சூடான நிலையில் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் நொடியில் கொதித்து முகத்தில் பீறிடும். மூடியைக் கழற்றி, தெர்மோஸ்டாட் உறையின் மேல் காற்று நீக்கும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழியில்லாமல் கூலன்ட் வழியும்வரை மெதுவாக ஊற்றியபின் இறுக்குங்கள். அவசரமாக ஊற்றினால் வெளியேற வேண்டிய காற்றை நாமே உள்ளே அடைத்துவிடுவோம். அடுத்து, வெந்நீர்க் கலனின் ஹோஸ்களில் உயரமானதைக் கழற்றி, புனல் வைத்து அதன் வழியே கூலன்ட் ஊற்றி, இணைப்பின் இரு பக்கமும் நிரம்பி வழிந்ததும் மாட்டிக் கிளாம்பை முறுக்குங்கள். உங்கள் படகில் சிக்கல் தீரப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிறகு மூடியைத் திறந்தே வைத்து, இன்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென இறங்கக்கூடும். அதே கலவையை ஊற்றி ஈடுசெய்யுங்கள். ஹோஸ்களை அவ்வப்போது பிசைந்துவிட்டால் ஒட்டியிருக்கும் குமிழிகள் நகரும். சூடேறிவிட்டால் கையுறை வேண்டும், பெல்ட்டின் பக்கம் கை போகவே கூடாது. மூடியைப் போட்டு ஒருமுறை ஓட்டி, ஆறிய பின் மட்டத்தை மீண்டும் பாருங்கள்.

புதிய தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் சிறு துளை இருந்தால், அது மேல்பக்கமாக அமைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பூட்டும்போது பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். துளை கீழே போய்விட்டால், தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்வரை அதன் பின்னால் நிற்கும் காற்றுக்கு வழியில்லை.

இவ்வளவும் செய்த பிறகும், கூலன்ட் குறையாமல் நிரம்பியுள்ள நிலையில் குமிழிகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தாலோ, கூலன்ட்டில் புகை வாடை அடித்தாலோ, இன்ஜினைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். சிலிண்டரில் எரிந்த வாயு, ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) வழியே கூலன்ட்டுக்குள் கசிகிறதா என்பதை மெக்கானிக் சோதித்துப் பார்க்க வேண்டும்.