கேத்தே கோல்விட்ஸ்: கேட்டவர்களுக்குப் பதில்

ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் (1867–1945) பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: வண்ண ஓவியத்தை விட்டு அச்சோவியத்துக்கு ஏன் போனார்?

கான்வாஸ் ஓவியம் ஒரே வீட்டுச் சுவரில்தான் தொங்கும். கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து அச்சிடும் முறையில், எடுத்த படத்தைப் பல பிரதிகள் போடலாம், கூலிக்காரரும் வாங்கலாம். அவர் கணவர் கார்ல், பெர்லினில் ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். அவரைத் தேடி வந்த பெண்களின் முகங்களையே கேத்தேயின் படங்களில் பார்க்கிறோம்.

கேள்வி: அரசுக்கு அவர்மேல் கோபம் ஹிட்லர் காலத்தில்தானே தொடங்கியது?

இல்லை ஐயா, அதற்கு வெகு முன்பே. 1844இல் ஜெர்மானியப் பகுதியாக இருந்த சைலீசியாவின் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்த கதை ஒரு நாடகமாக மேடையேறியது. அதைப் பார்த்த வேகத்தில் 'நெசவாளர்கள்' என்ற ஆறு படங்களைச் செய்தார். 1898இல் ஒரு கலைக் கண்காட்சியின் நடுவர்கள் அதற்குப் பதக்கம் பரிந்துரைத்தார்கள். ஜெர்மானியப் பேரரசர் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் தர மறுத்துவிட்டார்.

கேள்வி: கம்யூனிஸ்டா?

கட்சியில் சேர்ந்ததில்லை. ஆனாலும் 1919இல் கொல்லப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் கார்ல் லீப்க்னெக்டுக்கு, மரத்தில் செதுக்கி அச்சிட்ட படத்தால் அஞ்சலி செய்தார்.

கேள்வி: மகனைப் போரில் இழந்தாராமே?

இதை எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது. இளைய மகன் பீட்டருக்கு வயது 18. போருக்குப் போகத் தகப்பன் சம்மதம் தேவை, கார்ல் மறுத்தார். மகனுக்காகப் பரிந்து பேசிச் சம்மதம் வாங்கித் தந்தவர் கேத்தேதான். 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் பீட்டர் இறந்தான். அவனுக்கொரு நினைவுச் சிலை செய்ய முயன்று, கலைத்து, மறுபடி தொடங்கி, 1932இல்தான் முடித்தார். மண்டியிட்ட தாயும் தகப்பனும்; மகன் அதில் இல்லை. போர் வேண்டாம் என்று அவர் சொன்னதெல்லாம் இந்தக் குற்றவுணர்விலிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

கேள்வி: நாஜிகள் வந்தபின் ஏன் தப்பிப் போகவில்லை?

1933இல் நாஜிகளுக்கு எதிராக இடதுசாரிகள் ஒன்றுபட வேண்டும் என்ற அறிக்கையில் கையெழுத்திட்டதற்காகக் கலைக் கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1936இல் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ வீட்டுக்கே வந்து வதைமுகாம் என்று மிரட்டியது. வெளிநாட்டு அழைப்பு வந்தும், குடும்பத்துக்குத் தீங்கு நேரும் என்று போகவில்லை. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிய 16 நாள் இருக்கையில் இறந்தார்.

கேள்வி: ஒரே ஒரு படம் பார்ப்பதென்றால்?

'விதைநெல்லை அரைக்கலாகாது', 1942. தலைப்பு ஜெர்மானியக் கவிஞர் கதேயின் வரி. அங்கே நெல் அல்ல, கோதுமை போன்ற தானியம். பஞ்சத்திலும் விதைநெல்லில் கை வைக்காத நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. அதே ஆண்டு பேரனும் போரில் மாண்டான். அவன் பெயரும் பீட்டர். படத்தில் ஒரு தாய் மூன்று பையன்களைக் கைகளுக்குள் பொத்தி வைத்திருக்கிறாள். அவர்களோ வெளியே ஓடத் துடித்து எட்டிப் பார்க்கிறார்கள்.