சாண்ட்லர் வெயிலில் தக்காளிப் பூ ஏன் கொட்டுகிறது?

கேள்வி: அரிசோனாவில், பீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லரில் இருக்கிறோம். ஏப்ரல் கடைசியில் தக்காளி நட்டோம். கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, ஒன்றுகூடப் பிஞ்சு பிடிக்காமல் கொட்டிவிடுகிறது. காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விட்டும் இலை ஓரம் கருகுகிறது. மண்மேல் வெள்ளையாகப் படிகிறது. ஊரில் பூ கொட்டாமல் இருக்க அடிக்கும் பிளானோஃபிக்ஸ் ஊக்கியை இங்கேயும் அடிக்கலாமா? இங்கே நூலகத்தில் வீட்டுத்தோட்ட வகுப்பு நடக்கிறது. போனால் பயன் உண்டா?

பதில்: மருந்து வேண்டாம். நட்ட மாதம்தான் கோளாறு. பகலில் 35 டிகிரி, இரவில் 24 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் மலடாகிவிடும். அதை எந்த ஊக்கியும் சரிசெய்யாது. உங்கள் பகுதியில் மே மாதமே பகல் வெயில் அந்த அளவுக்கு வந்துவிடும். 2023இல் பீனிக்ஸில் ஜூன் 30 முதல் 31 நாள் தொடர்ந்து பகல் உச்ச வெப்பம் 43 டிகிரிக்குக் குறையவே இல்லை.

அங்கே நாற்று நட வேண்டியது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவுக்குள். அதற்குக் கிறிஸ்துமஸ் வாக்கிலேயே வீட்டுக்குள் விதை போட்டுவிட வேண்டும். நட்ட 60–70 நாளில் காய்க்கும் ரகமாகப் பாருங்கள். பிப்ரவரி இரவில் உறைபனி விழுந்தால் பழைய பெட்ஷீட்டால் மூடுங்கள்; பிளாஸ்டிக் தாள் இலையில் பட்டால் பட்ட இடம் கருகும்.

இப்போது இருப்பது செர்ரித் தக்காளி என்றால் வைத்திருக்கலாம். 40–50 சதவீத நிழல்வலையை மேற்கு வெயில் மறையும்படி கட்டுங்கள். இரவு குளிர்ந்ததும் மறுபடி பிஞ்சு பிடிக்கும். பெரிய காய் ரகம் என்றால் பிடுங்கிவிட்டு வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு போடுங்கள். அந்த வெயிலுக்கு இவைதான் சரி.

வெள்ளையாகப் படிவது உப்பு. கொலராடோ, சால்ட் ஆறுகளிலிருந்து வரும் உங்கள் குழாய்த் தண்ணீரிலேயே உப்பு அதிகம். இரண்டு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் மேல் இரண்டு அங்குலம்தான் நனையும். நீர் ஆவியாகி, உப்பு வேரடியில் தங்கும். இலை ஓரம் கருகுவதும் பெரும்பாலும் அதனால்தான். சொட்டுநீரை நிதானமாக, ஓரடிக்கு மேல் நனையும்வரை விடுங்கள். நீண்ட ஸ்க்ரூடிரைவரோ கம்பியோ குத்திப் பாருங்கள்: ஈரம் உள்ள ஆழம்வரை வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த மண்ணில் நின்றுவிடும். பிறகு மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பின்பே அடுத்த தண்ணீர். மாதம் ஒருமுறை இரண்டு மடங்கு விட்டு உப்பைக் கீழே தள்ளுங்கள். மூன்று அங்குலத்துக்கு வைக்கோல் மூடாக்கு கட்டாயம்.

தண்ணீர் கீழே இறங்காவிட்டால் இதெல்லாம் வீண். ஒன்றரை அடிக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். நாலு மணி நேரத்தில் நாலு அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அடியில் சுண்ணாம்புப் பாறை இறுகிக் கிடக்கலாம்; கலீச்சி என்பார்கள். அதை உடைத்து மாள்வதைவிட ஓரடி உயரத்துக்குப் பாத்தி கட்டுவது சுலபம்.

இன்னொன்று, நம்மவர்கள் பழக்கத்தில் சாம்பலும் முட்டை ஓடும் போடுவார்கள். அங்கே மண்ணே காரம், கார அமில நிலை 8க்கு மேல் போகும். சாம்பல் அதைக் கூட்டும், முட்டை ஓடு போட்டும் பயனில்லை. கடையில் மூட்டையாக விற்கும் மாட்டெருவிலும் உப்பு உண்டு. நன்றாக மக்கிய கம்போஸ்ட் போதும்.

வகுப்புக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் எந்த ஊர்க் கணக்கில் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், பிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர். இரண்டும் அரிசோனாதான், ஆனால் பிளாக்ஸ்டாஃபில் ஜூனில் நடுகிற தக்காளிக் கணக்கு உங்களுக்கு உதவாது. அரிசோனா பல்கலைக்கழக விரிவாக்கத் துறை உங்கள் மரிகோபா மாவட்டத்துக்கென்றே காய்கறி நடவு அட்டவணை வெளியிட்டிருக்கிறது. அந்தத் துறையில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் எடுக்கும் வகுப்பு என்றால் நம்பிப் போகலாம். கருகிய இலை இரண்டும், ஓரடி ஆழத்து மண் ஒரு பையும் கையோடு கொண்டு போங்கள். அக்டோபரில் கொத்தமல்லி, வெந்தயம், முள்ளங்கி விதைக்கலாம். அதற்கான பாத்தித் தயாரிப்பைச் செப்டம்பருக்குள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.