அனுப்பிய பிறகு சபையின் வேலை என்ன? மிஷனெரிகளைத் தாங்குவது பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் சபை 22 மிஷனெரிகளுக்கு மாதந்தோறும் சிறு சிறு தொகை அனுப்புகிறது. பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இதைக் குறைப்பது அன்பில்லாத செயலாகிவிடுமா?

பதில்: குறையுங்கள். ஆனால் யாருக்கும் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

40, 50 இடங்களிலிருந்து சிறு தொகைகளாகப் பெறும் குடும்பம் அத்தனை பேருக்கும் கடிதம் எழுத வேண்டும். தாயகம் வரும்போது அத்தனை சபைகளுக்கும் போய்த் தலைகாட்ட வேண்டும். ஓய்வுக்கென்று கிடைத்த மாதங்கள் பயணத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. உங்கள் பக்கமும் இழப்புதான். 22 பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கும், மனதில் இருக்காது. ஒரு குடும்பத்தின் மாதத் தேவையில் மூன்றில் ஒரு பங்கையோ நான்கில் ஒரு பங்கையோ ஏற்றுக்கொண்ட சபைக்குத்தான் அவர்களின் விசா எப்போது முடிகிறது, பிள்ளைக்கு என்ன உடம்பு என்பதெல்லாம் தெரிந்திருக்கும்.

முதலில் புதிய பெயர் சேர்ப்பதை நிறுத்துங்கள். ஓய்வுபெறுகிறவர்களின் தொகையை மீதியிருப்பவர்களுக்குப் பங்கிடுங்கள். எவரையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் 12 மாதம் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். வேறு சபையைத் தேட அவர்களுக்கு அவ்வளவு காலமாவது வேண்டும்.

பங்கை ஏற்குமுன் மாதத் தேவையின் முழுக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். வாடகை, சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றை எல்லோரும் எழுதிவிடுவார்கள். மருத்துவக் காப்பீடு, ஓய்வுகாலச் சேமிப்பு, மொழிப் பயிற்சிக் கட்டணம், விசா புதுப்பித்தல், தாயகம் வந்துபோகும் விமானச் செலவில் அந்த மாதத்துப் பங்கு, மிஷன் ஸ்தாபனத்தின் நிர்வாகப் பங்கு ஆகியவைதான் விடுபடுபவை. நிர்வாகத்துக்கென ஸ்தாபனங்கள் பலவும் 10 முதல் 15 சதவீதம் எடுக்கின்றன. அது வீண் செலவு அல்ல. கணக்கு, தணிக்கை, அவசரகால வெளியேற்றம் எல்லாம் அதிலிருந்துதான் நடக்கின்றன. பணித்தளத்தின் நாணயம் ஏறி இறங்கும் என்பதால் மொத்தத்தின் மேல் 10 சதவீதமாவது கூட்டி வையுங்கள். மாதத் தேவை முழுவதற்கும் வாக்குறுதி கிடைத்த பிறகே குடும்பம் புறப்படட்டும். 70 சதவீதத்தில் விமானம் ஏறுகிறவர்கள் முதலில் மொழிப் பயிற்சியைத்தான் வெட்டுகிறார்கள். மொழி வராத மிஷனெரியின் ஊழியம் எத்தனை ஆண்டு ஆனாலும் மொழிபெயர்ப்பாளரின் கையைவிட்டு வெளியே வராது.

1792 அக்டோபர் 2 அன்று இங்கிலாந்தின் கெட்டரிங்கில் கூடி ஒரு மிஷன் சங்கத்தைத் தொடங்கிய சிறு குழு எழுதிய முதல் வாக்குறுதி 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். அந்தச் சங்கம் அனுப்பிய வில்லியம் கேரி 1793 நவம்பரில் வங்காளம் சேர்ந்தார். கொண்டுபோன பணம் சீக்கிரமே தீர்ந்து, 1794-ல் அவுரித் தொழிற்சாலை நிர்வாகியாக வேலைக்குச் சேர வேண்டியதாயிற்று. அனுப்பிய பக்கத்தில் சங்கத்தின் செயலாளர் ஆண்ட்ரூ ஃபுல்லர், 1815-ல் இறக்கும்வரை, சபை சபையாகப் போய்ப் பணம் திரட்டி, கடிதம் எழுதி, எதிர்ப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கேரியைப் போற்றாத சபை இல்லை. உங்கள் சபையில் ஃபுல்லரின் வேலை யாருடையது என்பதைக் கமிட்டிக் கூட்டத்தில் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஆண்டுக்கொருமுறை வாக்குறுதி அட்டையில் தொகை எழுதி வாங்குகிறோம். ஆறாம் மாதத்துக்குள் வரவு குறைந்துவிடுகிறது. பொருளாளர் என்ன செய்யலாம்?

பதில்: எழுதித் தந்த மொத்தத்தில் 90 சதவீதத்தை மட்டும் வைத்துத் திட்டமிடுங்கள். வேலை போகும், இடம் மாறும், நோய் வரும். அது அவர்கள் தவறு அல்ல. அட்டை கர்த்தருக்கு முன் எழுதியது. அதைக் கடன் பாக்கிபோல வசூலிக்கப் போனால் அடுத்த ஆண்டு அட்டையே வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வாக்களித்த மொத்தம், வந்தது, அனுப்பியது ஆகிய மூன்றையும் தனிப்பட்ட பெயர் எதுவும் இல்லாமல் சபைக்கு வாசியுங்கள். குறைவு தெரியாததால்தான் பெரும்பாலும் காணிக்கை குறைகிறது. மாதம் ஒரு பெரிய தொகையைவிட வாரந்தோறும் எடுத்துவைப்பது பலருக்கு எளிது. 1 கொரிந்தியர் 16:2-ல் பவுல் சொன்ன முறையும் அதுதான்.

மிஷன் நிதிக்குத் தனிக் கணக்கேடு வேண்டும். காணிக்கையை எண்ணும்போது ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் இருக்கட்டும். மூன்று மாத அனுப்புதலுக்குச் சமமான தொகை எப்போதும் கையிருப்பில் நிற்கட்டும். எந்த மாதமானாலும் குறித்த தேதியில் பணம் போய்ச் சேர அதுதான் வழி. இந்தக் கையிருப்பைக் கட்டட நிதிக்குக் கைமாற்றாகக் கொடுப்பதே அதிகம் நடக்கும் தவறு. "அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம்" என்பார்கள். அந்த மாதம் வராது. மிஷனெரிக்கென்று கொடுத்த காணிக்கை மிஷனெரிக்கே. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒருவரும் குற்றம் சாட்டாதபடி வேறு சகோதரரையும் சேர்த்தே அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18-21).

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பதிவுபெற்ற ஸ்தாபனத்தின் வழியாக, ரசீதோடு அனுப்புங்கள். தனிநபர் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் அது அவரது சொந்த வருமானமாகக் கருதப்படலாம். அவர் ஊழியத்தை விட்டு விலகினால் கணக்குக் கேட்கவும் ஆளிருக்காது.

கேள்வி: ஊழியர்களின் கடிதத்தை ஆராதனையில் வாசித்து, "இவர்களை ஆசீர்வதியும்" என்று ஜெபித்து முடிக்கிறோம். இதைவிட நன்றாகச் செய்ய முடியுமா?

பதில்: முடியும், செலவும் இல்லை. வாரத்துக்கு ஒரே குடும்பம். மூன்றே விண்ணப்பங்கள், மூன்றும் நாளும் பெயரும் உள்ளவை: மொழித் தேர்வு எந்தத் தேதி, விசா விண்ணப்பத்துக்கு எப்போது பதில் வரும், எந்தப் பிள்ளை புதிய பள்ளியில் சேருகிறது என்பதுபோல. அறிவிப்புகளுக்கு நடுவே செருகாமல், ஆராதனையில் தனியாக மூன்று நிமிடம் ஒதுக்குங்கள். அந்தத் தேதி கடந்ததும் என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதி, அடுத்த முறை சபைக்குச் சொல்லுங்கள். கேட்காத சபை மெல்ல ஜெபிப்பதையும் விட்டுவிடும்.

வந்த கடிதத்துக்கு இரண்டு வரியாவது பதில் எழுதுங்கள். நூறு பேருக்கு அனுப்பிய கடிதத்துக்கு ஒரு பதிலும் வராத மாதங்கள் ஊழியர்களுக்கு உண்டு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் இருந்த மொராவிய சபை விசுவாசிகள் 1727-ல் முறைவைத்து இரவும் பகலும் ஜெபிக்கத் தொடங்கினார்கள். முதல் மிஷனெரிகளை அவர்கள் அனுப்பியது 1732-ல். அனுப்பிய பிறகும் அந்த ஜெபச் சங்கிலி தலைமுறைகளைத் தாண்டி நீடித்தது.

கேள்வி: ஊழியர்களின் படத்தையும் ஊர்ப் பெயரையும் சபை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

பதில்: அவர்கள் எழுத்தில் சம்மதித்தால் மட்டும். சில நாடுகளில் ஒரு படம் போதும். அந்தக் குடும்பம் வெளியேற்றப்படும், அவர்களோடு பழகிய உள்ளூர் விசுவாசிகள் விசாரணைக்குப் போவார்கள். பணம் அனுப்பும் படிவத்தின் குறிப்பில்கூட எந்தச் சொல்லை எழுதலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பக்கத்துத் தெருவிலேயே தேவை இருக்கும்போது தூரதேசம் எதற்கு?

பதில்: அப்போஸ்தலர் 1:8 எருசலேமையும் பூமியின் கடைசியையும் ஒரே கட்டளையில் வைக்கிறது, ஒன்று முடிந்த பிறகு மற்றது என்ற வரிசை அதில் இல்லை. பக்கத்துத் தெருவுக்குப் போகாத சபை தூரதேசத்துக்கும் நல்ல ஆளை அனுப்புவதில்லை என்பதே எங்கள் கருத்து. மருத்துவமனை, சிறைச்சாலை, வேற்றுமொழி பேசும் தொழிலாளர் குடியிருப்பு, காதுகேளாதோர் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆறு முதல் எட்டுப் பேர், இருவர் இருவராக, வாரத்தில் ஒரே நாள் ஒரே நேரம், ஓராண்டுக்கு ஒப்புக்கொண்டவர்களாக இருக்கட்டும். பண்டிகை நாளில் மட்டும் பரிசுப் பையோடு போய்வருவதால் உறவு வளராது. சிறைக்கும் மருத்துவமனைக்கும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் தனியே இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். உதவி பெறுவதற்கு ஆராதனைக்கு வருவது நிபந்தனையாக இருக்கவே கூடாது.

கேள்வி: வெளிநாட்டில் உள்ள உள்ளூர் சுவிசேஷகர் ஒருவருக்கு நேரடியாகச் சம்பளம் கொடுக்க விரும்புகிறோம். செலவு குறைவுதானே?

பதில்: செலவு குறைவுதான், ஆபத்து வேறு. அந்த ஊர் போதகர்கள் பெறுவதைவிட அதிகம் கொடுத்தால் சக ஊழியர்களிடையே பிளவு வரும். சம்பளம் வெளியிலிருந்து வருவதால் அவர் தம் சபைக்குப் பதில் சொல்லத் தேவையில்லாதவர் ஆகிவிடுவார். சபையும் தன் போதகரைத் தாங்கக் கற்றுக்கொள்ளாது. 19-ஆம் நூற்றாண்டிலேயே மிஷன் சங்கச் செயலாளர்களான இங்கிலாந்தின் ஹென்றி வென், அமெரிக்காவின் ரூஃபஸ் ஆண்டர்சன் இருவரும் தன்னைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தானே சுவிசேஷத்தைப் பரப்பும் சபையே இலக்கு என்று வலியுறுத்தினார்கள். பணத்தை அவரது சபையின் வழியாக, அந்த ஊர் ஊதிய அளவிலேயே கொடுங்கள். ஆண்டுக்கு 20 சதவீதம் குறைந்து ஐந்தாண்டில் முடியும் என்று தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வேதாகமங்கள், போதகர் பயிற்சி, வாகனம் போன்ற ஒருமுறைச் செலவுகளில் உதவினால் பணத்தைச் சார்ந்திருக்கும் பழக்கம் வராது.

கேள்வி: எங்கள் மிஷனெரி குடும்பம் நான்கு ஆண்டுக்குப் பின் எட்டு மாதம் தாயகம் வருகிறது. என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: முதல் நான்கு வாரம் பிரசங்க அழைப்பு வேண்டாம். பாத்திரம், படுக்கை, இணைய வசதி உள்ள வீடு, கடனாக ஒரு வாகனம், முழு மருத்துவப் பரிசோதனை, பல் மருத்துவர் உட்பட, இவற்றை அவர்கள் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே முடித்து வையுங்கள். பிறகு கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் உட்காரவைத்து, அவசரமில்லாமல் கேளுங்கள். கேட்பவர் அவர்களின் மாத உதவியைத் தீர்மானிப்பவராக இருக்கக் கூடாது. இருந்தால் சோர்வையும் மணவாழ்வின் சிக்கலையும் மறைத்துவிடுவார்கள். பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பியபோது சபையைக் கூட்டி எல்லாவற்றையும் அறிவித்தார்கள், அங்கே நெடுநாள் தங்கவும் செய்தார்கள் (அப்போஸ்தலர் 14:27-28).

பிள்ளைகளுக்கு இது வீடு திரும்புதல் அல்ல. அவர்கள் நண்பர்களும் பழகிய தெருவும் பணித்தளத்தில் இருக்கின்றன. மேடையில் ஏற்றி அந்த மொழியில் பாடச் சொல்லாதீர்கள். அதே வயதுப் பிள்ளை உள்ள ஒரு குடும்பத்தை ஒவ்வொருவருக்கும் துணையாக ஏற்பாடு செய்யுங்கள். பள்ளியில் சேர்க்கத் தேவையான சான்றிதழ்களின் பட்டியலை, குடும்பம் பணித்தளத்தை விட்டுக் கிளம்பும் முன்பே அனுப்பிவிடுங்கள். வந்தபின் அவற்றைத் தேடினால் ஒரு பருவம் வீணாகும்.