வழக்கறிஞர் முதலில், கவுன்சிலர் பிறகு: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

சட்டம் படித்து மாநகராட்சிக் கவுன்சிலராக வேண்டும் என்று உங்கள் மகள் சொன்னதில் வீடே கலங்கிப் போயிருப்பது தெரிகிறது. அவளைத் தாராளமாகச் சட்டம் படிக்க விடுங்கள். கவுன்சிலர் ஆசைக்கும் தடை போடாதீர்கள். அது எப்போது என்பதை மட்டும் அவளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

உங்கள் பயமெல்லாம் வருமானத்தைப் பற்றியது. தமிழ்நாட்டில் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய் என்று 2023-இல் அறிவித்தார்கள். அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. நேர்மையாக இருக்க நினைக்கிறவருக்குச் சொந்தத் தொழில் ஒன்று கட்டாயம் வேண்டும். அதனால்தான் அவள் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தது எனக்கு நிறைவாக இருக்கிறது.

வல்லபபாய் படேலைப் பாருங்கள். 1900-இல் ப்ளீடர் தேர்வில், அதாவது அந்நாளில் கீழ்க்கோர்ட்டு வழக்கறிஞராவதற்கான தேர்வில் தேறி, கோத்ராவிலும் போர்சத்திலும் வழக்காடிப் பணம் சேர்த்து, முப்பது வயது கடந்த பிறகே லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார். அகமதாபாத் நகராட்சிக்குள் நுழைந்தது 1917-இல். அங்கே அவர் கையில் எடுத்தது சுகாதாரக் குழுவை. பிளேக் பரவிப் பலர் ஊரைவிட்டு ஓடியபோதும் அவர் நகரிலேயே இருந்தார். 1924 முதல் 1928 வரை நகராட்சித் தலைவர். ராஜாஜியும் 1900-இல்தான் சேலத்தில் வழக்கறிஞரானார். 1911-இல் நகராட்சி உறுப்பினர், 1917-இல் தலைவர். இருவருமே பத்தாண்டுகளுக்கு மேல் தொழிலில் ஊன்றி நின்ற பிறகு வந்தவர்கள். சாக்கடையும் குடிநீரும் சின்ன வேலை என்று அவர்கள் நினைக்கவில்லை. உங்கள் மகளும் நினைக்கவில்லை என்பது எவ்வளவு நல்ல அறிகுறி!

பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசுக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும்; திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற அகில இந்தியச் சட்ட நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். பட்டம் வாங்கியதும் வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் பதிவும், வழக்காடத் தகுதி தரும் அகில இந்திய பார் தேர்வும்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். சீனியரிடம் ஜூனியராக இருக்கும் முதல் சில ஆண்டுகள் கை இறுக்கமாகவே இருக்கும். ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் எல்லா அலுவலகத்திலும் அது கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த ஆண்டுகளுக்கு வீட்டுச் செலவில் இப்போதே ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். அவள் எந்த அலுவலகத்தில் சேர்கிறாள் என்பதிலும் கவனம் வேண்டும். சொத்து வரி, கட்டட அனுமதி, நில வழக்குகளை நடத்தும் சீனியர் கிடைத்தால், நகராட்சி எப்படி இயங்குகிறது என்பதை வழக்குக் கட்டுகளிலிருந்தே கற்றுக்கொள்வாள். கவுன்சிலரான பிறகு, தன் மாநகராட்சிக்காகவோ அதற்கு எதிராகவோ எந்த வழக்கையும் தொடக்கூடாது.

21 வயதில் போட்டியிடலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. நான் முப்பதுக்கு மேல் என்பேன். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியிருப்பதால் வாய்ப்பு காத்திருக்கும். அதுவரை, உங்கள் வார்டில் பகுதி சபா, அதாவது குடியிருப்போர் குறைகளைச் சொல்லும் கூட்டம் கூடும்போது நீங்கள் போங்கள், அவளையும் அழைத்துப் போங்கள். குப்பை, தெருவிளக்குப் புகார்களை இரண்டு மணி நேரம் கேட்ட பிறகும் அவளுக்கு ஆசை குறையவில்லை என்றால், எனக்கு மறுபடி எழுதுங்கள். கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவோம்.