வரப்போகும் பிராசஸருக்காகக் காத்திருக்கலாமா?
வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தேவகோட்டையில் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங் எல்லாம் 2017இல் வாங்கிய நான்கு கோர் கம்ப்யூட்டரில்தான் நடக்கின்றன. புதிது வாங்கலாம் என்றால், "மாமா, கொஞ்சம் பொறுங்கள், இன்டெல்லில் 52 கோர் வருகிறது, ஏஎம்டியிலும் பெரிதாக வருகிறது" என்று என் அக்காள் மகன் தடுக்கிறான். காத்திருக்கட்டுமா?

பதில்: உங்கள் மருமகன் சொல்வதில் உறுதியான செய்தியும் இருக்கிறது, ஊர்ப்பேச்சும் கலந்திருக்கிறது. 'நோவா லேக்' என்ற அடுத்த டெஸ்க்டாப் பிராசஸர் வரிசை 2026ஆம் ஆண்டின் இறுதியில் வரும் என்று இன்டெல் நிறுவனமே கூறியிருக்கிறது. 'ஜென் 6' வடிவமைப்பில் தன் அடுத்த சர்வர் பிராசஸர் 2 நானோமீட்டர் முறையில் தயாராகிறது என்று அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டியும் அறிவித்துவிட்டது. ஆனால் 52 கோர் (கோர் என்பது கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) என்பதும், டெஸ்க்டாப் ஜென் 6இன் ஒரு சில்லில் எட்டுக்குப் பதிலாகப் பன்னிரண்டு கோர் இருக்கும் என்பதும் இன்னும் பேச்சளவில்தான் நிற்கின்றன. நம் பக்கத்து நகரத்தார் வீடுகளில் சம்பந்தம் எத்தனை மாதம் பேசப்பட்டாலும் இசைகுடிமானம் என்ற திருமணப் பதிவை எழுதிய பிறகுதானே அது கல்யாணம்? பிராசஸருக்கு அந்த எழுத்து, வெளியீட்டு நாளன்று வரும் விலைப்பட்டியல்தான்.

அந்த 52 உண்மையாகவே இருந்தாலும், அவ்வளவும் ஒரே அளவான கோர்கள் அல்ல. பதினாறு மட்டுமே பெரியவை, மற்றவை மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சிறிய கோர்கள் என்பதும் அதே பேச்சின் ஒரு பகுதிதான். எண்ணிக்கையைச் சொல்கிறவர்கள் அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஆல்பம் வடிவமைப்பு பெரும்பாலும் சில கோர்களின் வேகத்தையே நம்பியிருக்கிறது. வீடியோவை முடித்து வெளியே எடுக்கும்போதுதான் கோர்களின் எண்ணிக்கை கைகொடுக்கும்.

நானும் ஒருமுறை இப்படிக் காத்திருந்தவன்தான். 2018 டிசம்பரில் ஏஎம்டியின் அடுத்த வரிசை பற்றி ஒரு பட்டியல் கசிந்தது. பதினாறு கோர், 5.1 கிகாஹெர்ட்ஸ், 499 டாலர் என்று அதில் இருந்ததை ஒரு பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பக்கத்திலேயே ரூபாய்க் கணக்கும் போட்டு வைத்தேன். ஜனவரியில் வரும் என்றார்கள், வரவில்லை. ஜூலையில் ரைசன் 3000 வரிசை வந்தது, அதிலும் அந்தப் பதினாறு கோர் இல்லை. நவம்பரில்தான் அது ரைசன் 9 3950எக்ஸ் என்ற பெயரில் 749 டாலருக்கு வந்தது, உச்ச வேகமும் 4.7 கிகாஹெர்ட்ஸ்தான். பட்டியலில் கோர் எண்ணிக்கை சரி. விலையும் வேகமும் மாதமும் தவறு. பர்ஸிலிருந்து பணம் எடுக்க வேண்டிய எனக்கோ, தவறிய அந்த மூன்றும்தான் முக்கியமாக இருந்தன.

இன்னொன்றும் உண்டு. 2025இன் கடைசி மாதங்களில் ராம் எனும் தற்காலிக நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. பிராசஸருக்காகக் காத்திருந்தவர்கள் ராமில் இழந்தார்கள். ஆகவே தை, மாசி முகூர்த்த வேலைகள் இந்தக் கம்ப்யூட்டரால் தேங்குகின்றன என்றால் இப்போதே வாங்கிவிடுங்கள். ஏஎம்டி பிராசஸர் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட் உள்ள மதர்போர்டாக வாங்குவது நல்லது. 2027 வரையிலும் அதற்குப் பின்னும் அந்தச் சாக்கெட்டைத் தொடர்வோம் என்று ஏஎம்டி வாக்குக் கொடுத்திருக்கிறது. நோவா லேக்குக்கோ புதிய சாக்கெட் வேண்டியிருக்கும் என்பதே பரவலான பேச்சு. பிற்பாடு பிராசஸரை மட்டும் கழற்றி மாற்றும் வழி உங்களுக்குத் திறந்திருக்கும். வேலை தேங்கவில்லை என்றால் பொறுப்பதில் குற்றமில்லை.

கேள்வி: இந்த ரகசியங்கள் எப்படித்தான் கசிகின்றன? கம்பெனிக்காரர்களே கசிய விடுகிறார்களா? (காரைக்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: பல வாசல்கள் உண்டு. ஒரு பிராசஸர் கடைக்கு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அதன் மாதிரிகள் மதர்போர்டு செய்யும் நிறுவனங்களுக்குப் போகின்றன. சாக்கெட்டையும், கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் பயாஸ் மென்பொருளையும் அவர்கள் தயார் செய்தாக வேண்டுமல்லவா? அங்கே யாரோ ஒருவர் வேகச் சோதனை மென்பொருளை ஓடவிட்டு, முடிவைத் தானாக இணையத்துக்கு அனுப்பும் வசதியை நிறுத்த மறந்துவிடுகிறார். மறுநாள் காலையில் உலகமே அந்த எண்ணைப் பார்க்கிறது. கப்பலிலும் விமானத்திலும் போகும் சரக்குப் பதிவேடுகளில் குறியீட்டுப் பெயர்கள் தென்படுகின்றன. லினக்ஸ் இயங்குதளம் யாரும் படிக்கக்கூடிய திறந்த மூல மென்பொருள் என்பதால், வரப்போகும் பிராசஸருக்கான நிரல் வரிகளை இன்டெல், ஏஎம்டி பொறியாளர்களே முன்கூட்டிப் பொதுவெளியில் சேர்க்கிறார்கள். என் கணக்கில் மிகவும் நம்பத்தக்க கசிவு இதுதான். ஆனால் அதில் விலையும் இருக்காது, வேகமும் இருக்காது. எனவே தலைப்புச் செய்தி ஆவதில்லை.

மாதிரிப் பிராசஸர்களின் வேகத்தைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. அவற்றைப் பெரும்பாலும் குறைந்த வேகத்திலேயே ஓட்டுவார்கள். "அடுத்தது இவ்வளவுதானா" என்ற ஏமாற்றச் செய்திகள் பல இங்கிருந்தே பிறக்கின்றன. படமாக வரும் பட்டியல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரவுசரில் ஒரு எண்ணை மாற்றிப் படம்பிடிக்க அரை நிமிடம் போதும். நிறுவனங்களே கசிய விடுகின்றனவா என்றால், எதிராளியின் பிராசஸர் விற்கத் தொடங்கும் வாரத்தில் நம்முடையதைப் பற்றி ஒரு நல்ல செய்தி உலவினால் யாருக்கு லாபம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கசிவைப் படிக்கும்போது அது வந்த தேதியையும் சேர்த்துப் படிப்பது என் வழக்கம்.

கேள்வி: இன்டெல், ஏஎம்டி சண்டையால் நமக்கு என்ன ஆதாயம்? (பள்ளத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, சண்டை ஓய்ந்திருந்த காலத்தைப் பார்த்தால் ஆதாயம் விளங்கும். 2011 அக்டோபரில் 'புல்டோசர்' என்ற பெயரில் ஏஎம்டி கொண்டுவந்த எஃப்எக்ஸ் பிராசஸர், ஆண்டுக்கணக்கில் வளர்ந்த எதிர்பார்ப்புக்குப் பிறகு வந்து, ஒரே கோரில் ஓடும் வேலைகளில் தன் முந்தைய வரிசையிடமே தோற்றது. எட்டு கோர் என்று விளம்பரம் செய்தது சரிதானா என்று அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2019இல் 1 கோடியே 21 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அந்த இடைவெளியில் இன்டெல்லுக்கு அவசரமே இல்லை. 2007இல் சாதாரண டெஸ்க்டாப்புக்கு வந்த நான்கு கோர், 2017 ஜனவரியில் வந்த கோர் ஐ7 7700கே வரை அதே நான்காகவே நின்றது. அந்த ஆண்டு மார்ச்சில் எட்டு கோர் ரைசன் 7 1800எக்ஸ் 499 டாலருக்கு வந்தது. அதற்கு இணையான இன்டெல் எட்டு கோர் அப்போது ஆயிரம் டாலரைத் தாண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டெல்லும் ஆறு கோருக்கு ஏறிவிட்டது. பத்தாண்டு உறங்கிய குதிரை எட்டே மாதத்தில் ஓடத் தொடங்கியது.

சண்டை முற்றினால் இடறவும் செய்வார்கள். 2000 மார்ச் 6 அன்று ஏஎம்டி முதலில் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது, இரண்டே நாளில் இன்டெல்லும் தொட்டது. முந்த வேண்டும் என்ற வேகத்தில் அந்தக் கோடையில் இன்டெல் வெளியிட்ட 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, நிலையாக ஓடாததால் ஒரு மாதத்துக்குள் திரும்பப் பெறப்பட்டது.

கேள்வி: 2 நானோமீட்டர் என்றால் உள்ளே ஏதாவது உண்மையிலேயே அந்த அளவில் இருக்கிறதா? (கோட்டையூர் வாசகி)

பதில்: இல்லை. முன்பு அது டிரான்சிஸ்டரின் ஒரு பாகத்தின் அளவாக இருந்தது. இப்போது தலைமுறையைக் குறிக்கும் பெயர், அவ்வளவுதான். இன்டெல் 2021இல் தன் 10 நானோமீட்டர் முறை ஒன்றுக்கே 'இன்டெல் 7' என்று பெயர் மாற்றிக்கொண்டது.

கேள்வி: புதுவயலில் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது. முதலாளி புதிய பிராசஸர் வரட்டும் என்கிறார்.

பதில்: கணக்கு மென்பொருளுக்கும் ஜிஎஸ்டி பில்லுக்கும் எந்தப் புதிய பிராசஸரும் தேவையில்லை. உள்ளே இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி மாற்றுங்கள். அதற்கும் முன்பு கேபினெட்டைத் திறந்து பாருங்கள். உங்கள் ஊர் ஆலை ஒன்றில் நான் திறந்து பார்த்தபோது, ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தவிட்டுத் தூசி கம்பளித் துணி போலப் படிந்து, விரலால் உரித்தால் முழுசாக வந்தது. பிராசஸர் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கால் மணி நேரம் துடைத்துவிட்டு, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவியதும் அது பழையபடி ஓடியது.

கேள்வி: இன்டெல் 13ஆம் தலைமுறை ஐ9 பழையது ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அந்த வரிசை கெட்டுப்போகும் என்பது வதந்தியா? (கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: வதந்தியாகத் தொடங்கி உண்மையான செய்தி அது. கேம் விளையாடுகிறவர்கள் "வீடியோ மெமரி போதவில்லை" என்று பிழை வருவதாகப் பல மாதங்கள் புலம்பியபோது, கிராஃபிக்ஸ் கார்டைத்தான் பலரும் குறை சொன்னார்கள். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களுக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய், அவை உள்ளுக்குள் தேய்கின்றன என்று 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தத் திருத்தம் இனிமேல் தேயாமல் தடுக்குமே தவிர, தேய்ந்ததை மீட்காது. எனவே உங்களுக்கு விற்கிறவர் பயாஸை எப்போது புதுப்பித்தார் என்று கேளுங்கள். அசல் பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு அவர் எதிரிலேயே பெரிய ஜிப் கோப்பு ஒன்றை நாலைந்து முறை விரித்துப் பாருங்கள். ஒருமுறை பிழை காட்டினாலும், விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்க வேண்டாம்.