பெரியப்பா பேசும்போதே எழுதி வையுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இது. லண்டன் வந்து ஏழு மாதம் ஆகிறது, ஈஸ்ட் ஹாமில் பெரியப்பா வீட்டில் இருக்கிறீர்கள். அவருக்கு மீசோதீலியோமா என்ற புற்றுநோய் என்று போன வாரம் டாக்டர் சொல்லிவிட்டார். எழுபதுகளில் பாய்லர் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் பூசும் வேலை பார்த்தவர். அந்தக் கம்பெனி இன்று இல்லை. முன்பு சிகரெட்டும் பிடித்தவர். நஷ்டஈடு கேட்க முடியுமா, கேட்டால் உங்கள் விசாவுக்கு ஏதும் வருமா?

கேட்கலாம். விசாவுக்கு ஒன்றும் வராது. வேலை கொடுத்தவர் செய்த தவறுக்கு அவருடைய காப்பீட்டுக் கம்பெனி தரும் பணம் அது, அரசு உதவித்தொகை இல்லை. சிகரெட்டை மறைக்கவும் வேண்டாம். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் இந்தப் புற்றுநோய் புகைபிடிப்பதால் வருவதில்லை, பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் தூளைச் சுவாசித்ததால்தான் வரும்.

என் வீட்டுக்காரருக்கு 2013-ல் இதே நோய் வந்தது. 1972 முதல் எட்டு வருஷம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று பாய்லர் அறைகளிலேயே வேலை. ஆஸ்பெஸ்டாஸ் பொடியை வாளியில் கொட்டித் தண்ணீர் விட்டு, சப்பாத்தி மாவு மாதிரி வெறுங்கையால் பிசைந்து குழாயில் அப்புவார்கள். முகமூடி யாரும் கொடுத்ததில்லை. சாயங்காலம் அவர் கழற்றிப் போடும் நீல உடுப்பை நான்தான் கொல்லையில் உதறித் துவைப்பேன். உதறும்போது வெயிலில் தூள் மினுமினுக்கும். இன்றைக்கும் எனக்கு இருமல் வந்தால் அந்த மினுமினுப்புதான் ஞாபகம் வருகிறது.

உங்களுக்குப் பக்கத்திலேயே பார்க்கிங் (Barking) என்ற ஊரில் 1968 வரை ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஆலை இருந்தது. மியூரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்ப்சன் என்ற இரண்டு பேர் லண்டன் ஆஸ்பத்திரி நோயாளிகளை ஆராய்ந்து 1965-ல் எழுதினார்கள். ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டுமல்ல, அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும், அரை மைல் சுற்றளவில் குடியிருந்தவர்களுக்கும் இந்த நோய் வந்திருந்தது. என் வீட்டுக்காரர் வேலைக்குச் சேர்ந்தது அதற்கு ஏழு வருஷம் கழித்து. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பெரியப்பா பக்கத்தில் உட்காருங்கள். எந்த வருஷம், எந்தக் கட்டடம், யார் மேஸ்திரி, பொடி எப்படி வந்தது, கூட யார் இருந்தார்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். கேஸ் நிற்பது அவர் ஞாபகத்தின் மேல்தான். நாங்கள் இரண்டு மாதம் தள்ளிப்போட்டோம். சொலிசிட்டர், அதாவது வக்கீல், வீட்டுக்கு வந்து வாக்குமூலம் எடுத்த அன்று, என் வீட்டுக்காரரால் நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தித்தான் பேச முடிந்தது. கூட வேலை பார்த்த ஜமைக்காக்காரர் ஒருவர் சாட்சி சொன்னார். அவர் விலாசம் ஒரு பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் இருந்தது. அதனால் பழைய பெட்டி எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பெரியப்பா வேலை பார்த்த இடங்களின் பட்டியலை வரித்துறையே தரும், 1961 முதல் அவர்களிடம் இருக்கிறது. எங்களுக்கு அது வந்தபோது, என் வீட்டுக்காரரே மறந்துபோயிருந்த ஒரு கம்பெனி அதில் இருந்தது. பதினொரு மாதம் மட்டும் பார்த்த வேலை. மற்றவை எல்லாம் மூடிப்போய் காப்பீடும் கிடைக்காத நிலையில், அந்த ஒன்றின் காப்பீட்டுக் கம்பெனிதான் முழுத் தொகையும் கொடுத்தது. எந்த முதலாளியிடம் சுவாசித்த தூள் நோயைத் தந்தது என்று நிரூபிக்கச் சொல்வது நியாயமில்லை என்று 2002-ல், அப்போது இங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. தவறு செய்த முதலாளிகளில் யாரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்பது 2006 சட்டம். கம்பெனி மூடியிருந்தாலும் கவலை வேண்டாம். 1972 முதல் தொழிலாளிகளுக்குக் காப்பீடு எடுப்பது இங்கே கட்டாயம், பழைய காப்பீட்டைத் தேடித் தரவே ஒரு அலுவலகம் இருக்கிறது. அதுவும் கிடைக்காவிட்டால் 2014-ல் வந்த தனித் திட்டம் உண்டு, நோய் தெரிந்து 3 வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கோர்ட்டுக்குப் போகவும் பொதுவாக 3 வருஷம்தான்.

இதோடு பெரியப்பா பேரில் தொழில்நோய் உதவித்தொகைக்கும் உடனே எழுதிப் போடுங்கள். இந்த நோய்க்கு நூறு சதவீதப் பாதிப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். அது கிடைத்ததும் 1979 சட்டப்படி மொத்தத் தொகை ஒன்று கேட்கலாம், 12 மாதத்துக்குள். அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள், பிறகு குடும்பம் கேட்டால் தொகை மிகவும் குறைந்துவிடும். பின்னால் நஷ்டஈடு வந்தால் அரசு இதைக் கழித்துக்கொள்ளும், அதனால் பயந்து விட்டுவிடாதீர்கள். வீட்டில் உடுப்பு துவைத்து நோய் வாங்கிய பெண்களுக்கும் 2008 முதல் ஒரு தொகை உண்டு. அதற்கு நோய் தெரிந்த நாளிலிருந்து 12 மாதம்தான்.

தாங்களாகவே போனில் கூப்பிட்டுப் பேசுகிறவர்களைச் சொலிசிட்டராக எடுக்காதீர்கள். இந்த நோய்க் கேஸே பார்ப்பவராக இருக்க வேண்டும். மற்ற விபத்துக் கேஸ்களில் ஜெயித்தால் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும். மீசோதீலியோமாவுக்கு 2012 சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. நஷ்டஈட்டில் ஒரு பென்னியும் எடுக்கமாட்டோம் என்று எழுதி வாங்குங்கள். மீசோதீலியோமா யூகே என்ற தொண்டு அமைப்பின் நர்ஸ்களிடமும் பேசுங்கள், நோயைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் பொறுமையாகச் சொல்வார்கள்.

அப்புறம், சொல்லவே மனம் வராத ஒன்று. பெரியம்மாவுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். இந்த நோயால் இறந்தால் மரண விசாரணை உண்டு, அன்றைக்கே உடலைத் தரமாட்டார்கள். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இதைச் சொல்லி டிக்கெட் எடுக்க வையுங்கள். உயிரோடு இருக்கும்போது சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்ஸி தெளிவாக இருந்தால் பல சமயம் உடலை அறுப்பதில்லை. எங்களுக்கு அறுக்கவில்லை, ஐந்தாம் நாள் கொடுத்தார்கள். விசாரணை அதிகாரியின் ஆள் என்னிடம் முதலில் கேட்டது, அவர் எங்கெங்கே வேலை பார்த்தார் என்பதைத்தான். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன்.